மங்காத இடம்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அருங்காட்சியகத்தில் எங்கள் வீட்டுத் துணி தொங்கும் கூடத்தில் ஆளில்லாமல் விளக்கு எரிந்தது என்று ஆளுக்கொரு கண், காது, மூக்கு வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் துணிக்கு இன்று பொறுப்பாளி நான். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டை ஊரில் 'அளவையர் வீடு' என்பார்கள். என் தாத்தா நில அளவையர். இந்த ஊரை முதன்முதலாகச் சங்கிலி போட்டு அளந்து படம் வரைந்தவர் அவர்தான். "இல்லாததை வரையாதே, இருப்பதை விடாதே" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தார். எங்கள் வீட்டுக்கு வேறு சட்டம் கிடையாது. அவர் வரைந்த படத்தைப் பார்த்து அவருடைய மகள், என் அப்பாவின் அக்கா, கருநீலப் பட்டில் ஊர் முழுவதையும் நூலால் தைத்தாள். ஆளைவிட உயரமான துணி. தெருக்களுக்கு வெள்ளை நூல், ஆற்றுக்கு வெள்ளி இழை. ஒவ்வொரு வீட்டுக்கும் கதவும் ஜன்னலும் உண்டு. எங்கள் வீட்டுக்கு மாடிப்படிகூட உண்டு. ஒரு தெரு வளைந்து திரும்பும் முனையில் மட்டும் ஒரு வீடு கொள்ளும் இடம் வெறும் பட்டாக இருக்கும். பக்கத்தில் மாட்டியிருந்த அட்டை அதற்குக் காரணம் சொல்லும்: "அளவையரின் மகள் தைத்தது. முடிக்கும் முன் இளவயதில் காலமானார்." துணியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது என் அப்பா எழுதிக் கொடுத்த வாசகம்.

குடும்பப் பொறுப்பு என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் அந்தத் துணிக்கு வெளிச்சம் போட்டது. அதுவரை அது இருட்டு மூலையில் கிடந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு உள்ளேயே, மேல் விளிம்பில், வெளியே யாரும் நிழல் தட்டாதபடி ஒரு பெரிய ஹாலஜன் விளக்கை எங்கள் சொந்தச் செலவில் மாட்டினேன். வாசலில் செருப்பைத் துடைக்கும்போதே ஊர் தகதகவென்று கண்ணில் படும். அருங்காட்சியகம் மூடிய பிறகும் அணைக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். சாலையில் போகிறவனும் ஜன்னல் வழியே பார்க்கட்டுமே.

அப்படி எத்தனையோ வருடம் எரிந்த விளக்கை மாற்றப்போகிறோம் என்று ஒரு நாள் ஃபோன் வந்தது. பேசியவர் அங்கே பழந்துணிகளைப் பராமரிக்கும் அம்மா. என் மனைவி அவருக்கு வைத்த பெயர் 'துணி டாக்டர்'.

"ஐயா, எல்லாக் கூடத்துலயும் புது விளக்கு போடறோம். உங்க துணியைக் கீழே இறக்கியிருக்கோம். நீங்க ஒரு தடவை நேர்ல வந்து பார்த்தா நல்லது."

"எதுக்கும்மா மாத்தணும்? நல்லா எரிஞ்சுக்கிட்டுதானே இருக்கு?"

"அது எரியறதுதான் ஐயா பிரச்சினை."

ஃபோனை வைத்ததும் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னவாம்? உங்க குடும்ப மானத்துக்கு ஃபியூஸ் போயிடுச்சாமா?"

சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னேன்.

துணி டாக்டரின் அறை பின்கட்டில் இருந்தது. ஜன்னலெல்லாம் திரை. நீள மேசையில் வெள்ளைத்தாள் விரித்து அதன்மேல் துணியைக் கிடத்தியிருந்தார்கள். போர்வை விலக்கிய நோயாளி போலக் கிடந்தது. அவர் சட்டத்துக்குள் மடங்கியிருந்த ஓரத்தைக் கையுறை விரலால் மெல்லத் தூக்கிக் காட்டினார். அந்த ஓரம் அமாவாசை வானம்போலக் கருநீலமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பல்.

"காலம் போனா எதுவும் மங்கத்தான் செய்யும். நான் மங்கலையா?" என்றேன்.

"நீங்க வெயில்ல அலைஞ்சு மங்கினீங்க ஐயா. இது உங்க பல்புல மங்கினது. பட்டு இவ்வளவு வெளிச்சந்தான் தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கு. அதுக்கு மேல குடிச்சா குடிச்சதுதான். போன நிறம் திரும்பாது."

என் விளக்கை என் முகத்துக்கு நேரே ஒருவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். "இதைச் சொல்லவா கூப்பிட்டீங்க?"

"இல்லை. இந்தக் கால்மாட்டுக்கு வாங்க. இங்க நின்னு பாருங்க."

போய் நின்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, கண் பழகப் பழக, சாம்பல் நிறத்துக்கு நடுவே மங்காத நீலத்தில் ஓர் உருவம் தெரிந்தது. தலை, கழுத்து, ஒரு தோள் உயர்ந்து ஒரு தோள் தாழ்ந்த உடம்பு. குட்டையான ஒரு பெண். இடது கை மேலே தூக்கியிருந்தது. உள்ளங்கை விரிந்து ஒரே இடத்தைப் பொத்தியதுபோல் இருந்தது.

விளக்கு மாட்டும் மின்சாரக்காரர் ஏணிமேல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் பேசினார். "நிழல் விழுந்த இடம் மங்காது பெரியவரே. சுவத்துல காலண்டரை எடுத்தா பின்னால பெயின்ட் புதுசா இருக்குமே, அந்த மாதிரி. நிழல் இவ்வளவு சுத்தமா விழணும்னா விளக்கு எரிஞ்ச காலமெல்லாம் ஒரே ஆள் ஒரே இடத்துல அசையாம நின்னிருக்கணும்."

"காட்சி பார்க்க வர்றவங்க நிக்கத்தானே செய்வாங்க?"

"அதான் எனக்குக் கணக்கு உதைக்குது. உங்க விளக்கு பெட்டிக்கு உள்ளேல்ல இருந்தது? வெளிய யானையே நின்னாலும் உள்ள துணி மேல நிழல் விழாது." அவர் கையால் அளந்து காட்டினார். "நின்னவங்க கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவுல நின்னிருக்கணும். அங்க ஒரு சாண்தான் இடம்."

மேசைக்கடியில் எங்கோ ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தத் தாழ்ந்த தோளை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு நாள் மாடி ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் நடைபாதையில் ஒரு தோள் தாழ்ந்த, குட்டையான ஒரு பெண் நின்றாள். வெயில் படாமல் இடது கையைக் கண்ணுக்கு மேலே தூக்கி எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருப்பா அது?" என்று கேட்டேன். அப்பா வந்து பார்த்தார். ஜன்னல் திரையை இழுத்து மூடினார். "யாருமில்லை" என்றார்.

அவள்தான் என் அத்தை. அவள் இளவயதில் சாகவில்லை. தாத்தாவுக்காக அளவைச் சங்கிலி இழுத்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு, நாலு தெரு தள்ளி, தெருமுனை வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தாள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டு விஷயம் வீட்டோடு இருப்பதற்குத்தான் வீட்டுக்குச் சுவர் இருக்கிறது.

துணி டாக்டர் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். நிழல் உள்ளங்கை பொத்தியிருந்த இடத்தைப் பார்க்கச் சொன்னார். அந்த வெற்று இடம்தான். வெளியே சாம்பல். உள்ளங்கைக்குள் மட்டும் புதுப்பட்டின் நீலம். அந்த நீலத்தில் வரிசை வரிசையாக ஊசித்துளைகள். துளைகளைக் கண்ணால் தொடர்ந்தேன். ஒரு கூரை, இரண்டு ஜன்னல். கதவு பாதி திறந்திருந்தது.

"அவங்க முடிக்காம விடலை ஐயா. முடிச்சிருக்காங்க. யாரோ நூலைப் பிரிச்சு எடுத்திருக்காங்க. மத்த இடமெல்லாம் மங்கி நைஞ்சு போச்சு, அங்க இப்படித் துளை இருந்திருந்தா அடையாளமே தெரியாது. இந்த நிழல்தான் காப்பாத்தி வெச்சிருக்கு."

"சரி."

"அப்ப அட்டையில இருக்கறது தப்புங்க."

"அந்த அட்டை எங்க அப்பா எழுதினது."

"தெரியும் ஐயா. அதனாலதான் உங்களைக் கேக்கறேன்."

"அப்ப கேட்டாச்சு. அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அவர் மல்லுக்கு நிற்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார். இனிமேல் மங்கலான விளக்குதான். அதுவும் பெட்டிக்கு வெளியே. பார்க்க ஆள் வந்து நின்றால் எரியும், ஆள் நகர்ந்தால் அணையும். அந்தச் சிக்கனத்தில்தான் துணி இன்னும் கொஞ்ச காலம் கூடத்தில் தொங்க முடியும். அதிகமாக எரிந்தால் துணியை இருட்டறையில் சுருட்டி வைத்துவிடுவார்கள்; மறுபடி வெளியே வராது. துணி உள்ளே போனால் அளவையர் வீடு என்று சொல்ல இந்த ஊரில் எங்களுக்கு என்ன மிஞ்சும்? தாத்தா அளந்த கல்லெல்லாம் தார்ச் சாலைக்கடியில் போய்விட்டது. நிபந்தனைக்குச் சம்மதித்தேன்.

வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறினேன். படியில் மருமகன் மாட்டிய விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதுவும் அதே சாதி விளக்குதான். கால் வைத்தால் எரியும். சொந்த வீட்டிலேயே என்னைப் பார்த்து "யாரது?" என்று கேட்பதுபோல் இருக்கும். அதன் வெளிச்சம் படிச்சுவரில் தொங்கும் தாத்தாவின் படத்தில் விழுந்தது. கையில் அளவைச் சங்கிலியோடு அவர் நிற்கும் வண்ண ஓவியம். நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவர் பார்வையைத் தாங்கிப் பழகியவன் நான்.

புது விளக்கு போட்ட மறுநாளே துணி டாக்டர் கூப்பிட்டார். "ஐயா, உங்க பெட்டி விளக்கு மட்டும் அணைய மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். மற்றப் பெட்டிகளில் விளக்குகள் ஆள் வர எரிந்து ஆள் போக அணைந்தன. எங்கள் துணிக்கு முன்னால் ஒருவரும் இல்லை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மின்சாரக்காரர் உணர்கருவியைக் கழற்றிப் பக்கத்து நாணயப் பெட்டியில் மாட்டினார். அங்கே ஒழுங்காக அணைந்தது. நாணயப் பெட்டியில் இருந்ததை இங்கே மாட்டினார். எரிந்தது, அணையவில்லை.

"இது உடம்புச் சூட்டைப் பார்த்து எரியற சாமான் பெரியவரே" என்றார். இந்தத் தடவை அவர் ஏணியில் கால் தொங்கப்போடவில்லை. நாலு படி கீழேயே நின்றுகொண்டார். "கண்ணாடிக்கு உள்ள இருக்கறது இதுக்குத் தெரியாது. வெளிய நிக்கறவங்களைத்தான் பார்க்கும்."

வாசல் ஸ்டூலில் காவலாளி இருந்தார். அவர் பகலெல்லாம் தூங்குவதால் ஊரே அவரைக் 'குறட்டை' என்று கூப்பிடும். அவரிடம் கேட்டேன். "இங்க யாராவது வந்து நிக்கறாங்களா?"

"யாருமில்லைங்க" என்றார். பிறகு, "அந்த விளக்கு போட்டதுலேர்ந்து எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்குது" என்றார்.

ஸ்விட்சை அணைத்துவிடலாமே என்றேன். "அணைக்கலாம். இருட்டுல தொங்கற துணியை யாரு பார்ப்பாங்க? அதுக்கு உள்ள வெச்சுடறதே மேல்" என்றார் துணி டாக்டர். "இப்படியே எரிஞ்சா அந்தக் கையளவு நீலமும் போயிடும் ஐயா. நான் இறக்கத்தான் வேணும்."

"ஒரு நாள் குடுங்க. நான் உட்கார்ந்து பார்க்கறேன்."

வீட்டில் சொன்னேன். மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "உள்ள இருந்தவங்க வெளிய வந்துட்டாங்க போலிருக்கு" என்று மட்டும் சொன்னாள். நிழலின் கதையை அவளிடம் ஏன்தான் சொன்னோம் என்று இருந்தது.

மறுநாள் கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தேன். பட்டப்பகல். வெளியே பஸ் போகும் சத்தம். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நேரம் போகப் போக ஒன்றைக் கவனித்தேன். எங்கள் துணிக்கு முன்னால் கூட்டம் கூடும்போதெல்லாம் இடது ஓரத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டே நின்றார்கள். யாரும் சொல்லி நிற்கவில்லை. ஆற்றில் நட்ட முளையைத் தண்ணீர் சுற்றிப் போவதுபோல் அந்த இடத்தைச் சுற்றிப் போனார்கள். ஒருவர் படம் எடுப்பதற்காக, "கொஞ்சம் நகருங்கம்மா" என்று பக்கத்தில் பார்க்காமலே சொன்னார். பிறகு பார்த்தார். படம் எடுக்காமல் போய்விட்டார்.

மதியம் கூடம் காலியானது. விளக்கு எரிந்தது. நான் எழுந்து கண்ணாடிக்கு அருகே போனேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே, குட்டையான ஒரு பெண்ணின் வாய் இருக்கக்கூடிய உயரத்தில், கண்ணாடி மேல் ஆவி படர்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி மறைந்தது. மறுபடி படர்ந்தது. என் மூச்சோ என்று மூச்சை அடக்கினேன். அது நிற்கவில்லை. அதற்கு நேர் பின்னால்தான் துணியில் அந்த வெற்று இடம் இருந்தது.

எனக்குப் பயமில்லை என்று எழுதினால் அது இல்லாததை வரைவது. ஆனாலும் எங்கள் வீட்டு ஆளிடம் நான்தான் பேச வேண்டும்.

"அத்தை" என்றேன். பெரியவர்களிடம் பேசும் குரலில்தான் சொன்னேன். "நாலு பேர் வந்து போற இடம். இப்படி நிக்கறது நம்ம வீட்டுக்கு அழகில்லை. வீட்டுக்குப் போங்க."

ஆவி கண்ணாடியிலேயே நின்றது. சுருங்கவும் இல்லை, படரவும் இல்லை. யாரோ மூச்சை இழுத்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக் காத்திருப்பதுபோல் இருந்தது.

எந்த வீட்டுக்கு?

தெருமுனை வீடு இடிந்து எவ்வளவோ காலமாகிறது. அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள். அது மிஞ்சியிருக்கக்கூடிய ஒரே இடம் இந்தத் துணிதான். அங்கிருந்தும் அதைத் தாத்தா பிரித்துவிட்டார்; அவர் சொல்லாமல் எங்கள் வீட்டில் வேறு யாரும் அதில் ஒரு நூலைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஊரையே அளந்து ஒரு வேலிக்கல்லைக்கூட விடாதவர், நின்றிருந்த ஒரு வீட்டைப் படத்திலிருந்து எடுத்தார். பக்கத்தில் அதற்கு ஒரு பொய் அட்டை. இத்தனை நாள் நான் காத்து நின்ற கௌரவம் இதுவா என்று பார்த்தேன். சங்கிலி இழுத்தவரை அத்தை கட்டியதால் எங்கள் வீட்டுக்கு வந்த இழுக்கு ஊர் வாயோடு போயிருக்கும். அளவையர் வீட்டுப் படம் பொய் என்பதுதான் கண்ணாடி போட்டு, விளக்கு போட்டு, நடுக்கூடத்தில் தொங்கியது. விளக்கு போட்டது நான்.

காவலாளியை அனுப்பித் துணி டாக்டரை வரச் சொன்னேன்.

"அட்டையை மாத்தணும். எழுதிக்கங்க" என்றேன். "அளவையரின் மகள் தைத்தது. ஒரு வீடு விடாமல் முழுதும் முடித்தார். வெற்றாக இருக்கும் இடத்தில் அவரும் அவர் கணவரும் வாழ்ந்த வீடு இருந்தது. அதைப் பிரித்தவர்கள் அளவையர் வீட்டார்."

அவர் பேனாவை நிறுத்தினார். "கடைசி வரி வேணுமா ஐயா? அதை விட்டுட்டாலும் போதும்."

"இருப்பதை விடக் கூடாது. எழுதுங்க."

அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். விளக்கு அணைந்தது.

நாங்கள் இருவரும் கண்ணாடிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தோம். எங்களைப் பார்த்து அது எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. இருட்டில் ஒரு கணம் கூடத்தின் கதவு பக்கமாகக் காற்று அசைந்தது. பிறகு விளக்கு எங்களுக்காக மறுபடி எரிந்தது. கண்ணாடி சுத்தமாக இருந்தது.

"அட, அணையுதே!" என்று வாசலில் குறட்டை சந்தோஷமாகக் கத்தினார்.

அன்றிலிருந்து அந்த விளக்கு ஒழுங்காக இருக்கிறது. துணி கூடத்திலேயே தொங்குகிறது. புது அட்டையைப் படித்துவிட்டு ஊர் பேசுகிறது. பேசட்டும். உண்மையைப் பேசுகிறவன் வாயை நான் அடைக்கப் போவதில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது மாடிப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி கீழே நாற்காலியில் உட்கார்ந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதியத்துலேர்ந்து எரியுதுங்க" என்றாள். "மேல ஒருத்தரும் இல்லை. போய்ப் பார்த்துட்டேன்."

போங்க என்று சொன்னது நான்தான். வீட்டுக்குப் போங்க என்றேன். அவள் பிறந்த வீடும் இதுதானே.

மருமகன் வந்து விளக்கை மாற்றுகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். எரிந்தால் எரியட்டும், எங்கள் வீட்டு விளக்கு, எங்கள் வீட்டு ஆள். படியேறும்போது சுவரோரமாக ஒதுங்கிப் போகிறோம். மனைவிகூடப் பழகிவிட்டாள். "கொஞ்சம் வழி விடுங்க சித்தி" என்று துணிக்கூடையோடு ஏறுகிறாள். உறவுமுறை தப்பு, பெரியம்மா என்று சொல்லவேண்டும் என்று திருத்தினேன். "அவங்களே ஒண்ணும் சொல்லலை, உங்களுக்கென்ன?" என்றாள்.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. அந்த விளக்கு தாத்தாவின் ஓவியத்துக்கு நேராக இருக்கிறது. வருடக்கணக்கில் மங்கவேண்டியது நாளுக்கு நாள் மங்குகிறது. துணி டாக்டரிடம் கேட்டேன். இறக்கி இருட்டில் வையுங்கள் என்றார். மனைவியும் அதையே சொன்னாள்.

"வேண்டாம்" என்றேன். "அது அப்பாவுக்கும் பொண்ணுக்கும் உள்ள விஷயம். நடுவுல நாம போக வேண்டாம்."

இன்று காலை பார்த்தேன். சட்டை இருக்கிறது. கையில் சங்கிலி கண்ணி கண்ணியாகத் தெளிவாக இருக்கிறது. முகம் இருந்த இடத்தில் மட்டும் வெறும் தாள் தெரிய ஆரம்பித்திருக்கிறது.